போயிட்டு வாறன்

கண்டிப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடம். எது என்று சொல்ல வேண்டாம். மூலையில் ஆளுயரத்துக்கு ஓர் உறைபெட்டி, மைனஸ் 80 பாகை. கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. மின்சாரம் போனால் முதலில் யாரைக் கூப்பிடுவது, அவர் எடுக்காவிட்டால் யார், ஜெனரேட்டருக்கு டீசல் எந்த அலுமாரியில் என்று நீல மையில் எழுதி, நாலு தொலைபேசி இலக்கங்கள். பெட்டிக்குள் இருப்பது பத்து வருடச் சேகரிப்பு. நக்கிள்ஸ் காட்டிலும் தேயிலைத் தோட்டங்களிலும் கைப்பிடி கைப்பிடியாய் அள்ளிவந்த மண்ணிலிருந்து பிரித்தெடுத்த பக்டீரியாக்கள், சுண்டுவிரல் அளவு குப்பிகளில் உறங்குகின்றன. அவற்றுக்குச் சொந்தக்காரியான விரிவுரையாளர் அடுத்த கிழமை ஆறு மாதத்துக்கு ஜேர்மனி போகிறார். பயணப் பெட்டி இன்னும் அடுக்கவில்லை. இந்தப் பெட்டிக்கு ஆள் வைப்பதுதான் அவருக்கு முதல் வேலை.

2022 மார்ச் முடிவில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது, அவரும் இரண்டு மாணவிகளும் இதன் முன்னால் கதிரை போட்டு விழித்திருந்தார்கள். கதவைத் திறக்காவிட்டால் குளிர் கொஞ்ச நேரம் நிற்கும். மைனஸ் 70, மைனஸ் 60 என்று எண் ஏற ஏற, டீசல் வரிசையில் நின்ற ஆளுக்கு அழைப்பு எடுத்தபடி இருந்தார்களாம். "மேடம், நீங்க வீட்டுக்குப் போங்கோ, நாங்க பாத்துக்கொள்ளுறம்" என்று பிள்ளைகள் சொல்லியும் அவர் போகவில்லை. அப்படிக் காத்ததை விட்டுவிட்டு இப்போது போக வேண்டியிருக்கிறது. இந்தப் பக்டீரியாக்கள் சுரக்கும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கும் கருவி ஜேர்மனியில்தான் அவருக்குக் கைக்கெட்டுகிறது.

எங்கள் வீடுகளில் வாசலில் நின்று "போறன்" என்று சொல்ல விடமாட்டார்கள். "போயிட்டு வாறன்" என்றுதான் சொல்ல வேண்டும். கண்டியிலிருந்தும் பேராதனையிலிருந்தும் வெளிநாட்டு ஃபெலோஷிப்பில் போகும் விஞ்ஞானிகளைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது இந்தச் சொல்தான் எனக்கு முதலில் வந்து நின்றது.

புலமைப்பரிசில் என்றால் இருபத்தைந்து வயதுப் பிள்ளை கலாநிதிப் பட்டத்துக்குப் போவதே நம் நினைவுக்கு வரும். நான் சொல்வது வேறு பயணம். பட்டம் முடித்து, பத்து வருடம் படிப்பித்து, தன்னை நம்பி நாலு ஆய்வு மாணவர், வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், வருத்தக்கார மாமி என்று எல்லாம் சேர்ந்த பிறகு போவது. அந்த வயதில் போகிறவரிடம் கேள்வி தெளிவாக இருக்கிறது. நாட்கள்தான் குறைவு.

இந்த வலியை ஒரு பெரிய விஞ்ஞானி தானே பட்டு, அதற்கு மருந்தும் கண்டார். பாகிஸ்தானின் அப்துஸ் ஸலாம் கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு 1951இல் லாகூருக்குத் திரும்பினார். பேசிப் பகிர ஒரு பௌதிகவியலாளர் பக்கத்தில் இல்லை. கல்லூரியில் அவரிடம் ஆய்வைப் பற்றிக் கேட்கவில்லை. விடுதிப் பொறுப்பு, கணக்குப் பொறுப்பு, கால்பந்துக் குழு, இந்த மூன்றில் எதை எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டார்கள். அவர் கால்பந்தை எடுத்தார். 1954இல் மனம் நொந்து மறுபடி கேம்பிரிட்ஜுக்குப் போனார். ஊரா, விஞ்ஞானமா என்று இன்னொருவர் தெரிவு செய்ய வேண்டிய நிலை வரக்கூடாது என்ற எண்ணத்தில் 1964இல் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் சர்வதேசப் பௌதிகவியல் மையத்தைத் தொடங்கினார். அங்கே அவர் வைத்த இணை ஆய்வாளர் திட்டம் மிக எளிமையானது. ஏழை நாட்டு விஞ்ஞானி தன் ஊர் வேலையை விடத் தேவையில்லை. சில வருடங்களுக்குள் மூன்று தடவை வரலாம், ஒவ்வொரு தடவையும் சில கிழமைகள் தங்கலாம், நூலகத்தில் மூழ்கலாம், சகாக்களோடு வாதாடலாம், திரும்பிப் போகலாம். 1979இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. என் கணக்கில் இந்தத் திட்டம் அந்தப் பரிசுக்குக் குறைந்ததல்ல.

பேராதனைக்கு வருவோம். மகாவலியின் அடுத்த கரையில் பொறியியல் பீடம் இருக்கிறது. 1964இல் கொழும்பிலிருந்து இங்கே இடம்மாறியது. அந்தப் பீடத்தின் பெயரைச் சொன்னால் எனக்குப் பேராசிரியர் அழகையா துரைராஜாதான் முன்னுக்கு வருவார். 1934இல், ஆறே இல்லாத வடமராட்சியில் பிறந்து, ஹாட்லிக் கல்லூரியில் படித்தவர். கேம்பிரிட்ஜில் மண் பொறியியலாளர் றொஸ்கோவின் ஆய்வுகூடத்தில் அவர் செய்தது களிமண்ணை அமுக்கி நெளித்துப் பார்க்கிற வேலை. கேட்கச் சின்ன வேலை மாதிரி இருக்கும். மண்ணை நெளிக்கும்போது நாம் உள்ளே செலுத்தும் சக்தி எங்கே போகிறது? ஒரு பங்கு மண் உப்பவும் சுருங்கவும் போகிறது. அதைக் கழித்துவிட்டால் மிச்சமெல்லாம் உராய்வுக்கே செலவாகிறது. தண்ணீரை வடியவிட்டுச் சோதித்தாலும் அடைத்துவைத்துச் சோதித்தாலும் அந்த உராய்வை ஒரே எண்ணால் சொல்லிவிடலாம் என்று தன் அளவீடுகளிலிருந்து காட்டினார். அந்தச் சமன்பாட்டின் மேல்தான் 'கேம் களி' என்ற கோட்பாடு எழுந்தது. கேம்பிரிட்ஜில் ஓடும் ஆற்றின் பெயர் அதற்கு. றொஸ்கோ, ஸ்கோஃபீல்ட், துரைராஜா மூவரும் சேர்ந்து 1963இல் வெளியிட்ட கட்டுரையை உலகில் மண் பொறியியல் படிக்கிற மாணவர்கள் இன்றைக்கும் தேடிப் படிக்கிறார்கள்.

அவர் போனது இளவயதில், பட்டத்துக்கு. நடுவயதுப் பயணம் அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அவரை இங்கே சொல்லக் காரணம், அந்தப் பெயரை வைத்துக்கொண்டு உலகில் எங்கேயும் இருந்திருக்கலாம் என்பதே. அவர் திரும்பி வந்து கரும்பலகைக்கு முன்னால் நின்றார், பீடாதிபதியாகவும் இருந்தார். 1988இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகப் போய், போருக்கு நடுவே சைக்கிளில் வேலைக்குப் போய்வந்தார் என்று அந்த ஊரார் இன்றும் சொல்வார்கள். 1994இல் காலமானார். மழைக்கு மண் சரியும் ஒவ்வொரு தடவையும், இந்த மலைநாட்டுக்கு மண்ணின் குணம் தெரிந்த மனிதர் எவ்வளவு தேவை என்று எனக்கு அவரை நினைத்தே தோன்றும்.

எல்லோரும் திரும்பவில்லை. அதையும் நேராகப் பேச வேண்டும். தமிழ் விஞ்ஞானிகள், அறிஞர்கள் திரும்பாமல் போனதற்குச் சம்பளம் மட்டும் காரணமல்ல. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்த மானிடவியலாளர் ஸ்ரான்லி தம்பையா 1958 கலவரத்தின் பின் நாட்டை விட்டார். கேம்பிரிட்ஜ், சிகாகோ என்று போய்க் கடைசியில் ஹார்வர்டில் பேராசிரியராக இருந்தார். 1983 கலவரத்துக்குப் பிறகு போனவர்களை எண்ணிச் சொல்லத் தேவையில்லை. நம் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் உண்டு. 'போயிட்டு வாறன்' என்று சொல்லிப் போனவர் வரவில்லை என்றால் வாசலில் என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும். அவர்கள் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது.

முன்பொரு காலத்தில் பயணம் எதிர்த்திசையில் நடந்தது. 1881 கடைசியில் ஜேர்மனியின் ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் இலங்கைக்கு வந்து பேராதனைப் பூங்காவையும் பார்த்தார். வயது 47, யேனாவில் பேராசிரியர். ஹம்போல்ட் பெயரில் பெர்லினில் இருந்த பயண நிதியைக் கேட்டுக் கிடைக்காமல் வந்தவர். டார்வினுக்குக் கொடி பிடித்ததால்தான் மறுத்தார்கள் என்பது அவருடைய மனக்குறை. மனிதரை மேல் இனம், கீழ் இனம் என்று அடுக்கிய அவருடைய எழுத்தை நான் மன்னிக்கமாட்டேன். ஆனால் நடுவயதில் கடல் தாண்ட ஒரு விஞ்ஞானிக்கு யாரோ காசு தர வேண்டும் என்ற கதை அன்றைக்கே தொடங்கிவிட்டது.

அதற்கு முந்தைய வருடமே ஹரி மார்ஷல் வோர்ட் என்ற இளம் தாவரவியலாளர் பேராதனைக்கு வந்திருந்தார். 1869இலிருந்து கோப்பித் தோட்டங்களை அழித்துவந்த இலைத்துரு நோயை ஆராய அரசாங்கம் வரவழைத்தது. பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டத்தில் வைத்து, காற்றில் வரும் பூஞ்சை வித்துகளைப் பிடித்துக் காட்டினார். ஒரே பயிரை மலை மலையாய் நட்டதே நோய்க்கு வழி திறந்தது என்றார். துரைமாருக்கு வேண்டியிருந்தது மருந்து. அவரிடம் இருந்தது உண்மை மட்டும். இரண்டு வருடத்தில் இங்கிலாந்துக்குத் திரும்பி, பின்னாளில் கேம்பிரிட்ஜ் பேராசிரியரானார். கோப்பி போய்த் தேயிலை வந்தது. அந்த இடைவெளியில் கூலி இல்லாமல் வாடியவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் சனங்கள். அறிவு பேராதனையில் விளைந்தது. அதைக் கையில் வைத்து அடுத்த கேள்வியைக் கேட்க இந்த மண்ணின் பிள்ளை ஒருவர் அன்று அங்கே இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கி, பத்து வருடத்தில் பேராதனைக்கு வந்தது என்று நான் நினைப்பதுண்டு.

கண்டியில் ஹந்தானை வீதியில் ஏறினால் அடிப்படை ஆய்வுகளுக்கான தேசிய நிறுவனம் வரும். 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. அதன் முதல் பணிப்பாளர் சந்திர விக்கிரமசிங்க, பொதுநலவாயப் புலமைப்பரிசிலில் கேம்பிரிட்ஜ் போனவர். அடுத்து வந்தவர் காலியில் பிறந்த சிறில் பொன்னம்பெரும. சென்னையில் மெய்யியல் படித்து, பிறகு இரசாயனத்துக்கு மாறி, நாசாவில் நிலாப் பாறைகளையும் விண்கற்களையும் உடைத்து உயிரின் தொடக்கத்தைத் தேடிய மனிதர். மேரிலாந்தில் இருந்த தன் ஆய்வுகூடத்தை விடாமலே 1984 முதல் 1990 வரை கண்டி நிறுவனத்தை நடத்தினார். முழுதாகத் திரும்பிவா, இல்லையென்றால் வராதே என்று யாராவது பிடிவாதம் பிடித்திருந்தால் கண்டிக்கு அந்த ஆறு வருடம் கிடைத்திருக்காது. அதே நிறுவனத்தில்தான் கீர்த்தி தென்னகோன், ஹவாயில் கலாநிதிப் பட்டம் பெற்றவர், சாயம் பூசிய சூரியக் கலத்தைத் திரவமே இல்லாமல் திண்மமாகச் செய்து 1995இல் வெளியிட்டார். பேராதனைப் பௌதிகவியல் துறையிலிருந்து பின்னர் ஹந்தானைக்கு வந்த லக்ஷ்மன் திசாநாயக்க, சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்து மெல்லாண்டரோடு சேர்ந்து பல வருடம் மின்பகு பொருள்களை ஆராய்ந்தார். சுவீடன்காரர் இதற்கு வைத்திருந்த வழி 'சாண்ட்விச்' முறை. மாணவர் கொஞ்ச நாள் அங்கே, கொஞ்ச நாள் இங்கே. பட்டமும் கிடைக்கும், ஊர் ஆய்வுகூடமும் வளரும்.

இன்றைய விதிகளில் எனக்குப் பிடித்தது ஜேர்மனியின் ஹம்போல்ட் அறநிறுவனத்தினது. அனுபவமுள்ள ஆய்வாளருக்கு 6 முதல் 18 மாதம். அதை மூன்று வருடத்துக்குள் மூன்று தவணையாகப் பிரித்துப் போய்வரலாம். நாட்டுக்கு இத்தனை, துறைக்கு இத்தனை என்ற பங்கீடு கிடையாது. ஊர் திரும்பியவரை மறுபடி கூப்பிடும் வழியும் உண்டு. ஜப்பானின் அழைப்பு ஃபெலோஷிப் இரண்டு கிழமையிலிருந்து இரண்டு மாதம் வரை ஒரு வகை, பத்து மாதம் வரை இன்னொரு வகை. 1952இலிருந்து இலங்கையில் நடக்கும் ஃபுல்பிரைட் வேறு மாதிரி. அதில் போய்வந்தவர் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருந்தால்தான் அமெரிக்கக் குடியேற்ற விசாவுக்கோ எச்-1பி வேலை விசாவுக்கோ போகலாம். கட்டிவைத்து வரச்செய்வது அது. தவணையாகப் பிரித்துக் கொடுப்பது, வர ஆசைப்படுகிறவருக்கு வழிவிடுவது. இரண்டில் எது விஞ்ஞானியை நம்புகிறது என்று சொல்லத் தேவையில்லை.

கடிகாரம் ஒன்றும் ஓடுகிறது. ஹம்போல்டுக்குக் கலாநிதிப் பட்டம் பெற்று 12 வருடத்துக்குள் கேட்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மரி கியூரி ஃபெலோஷிப்புக்கு 8 வருடம். பிள்ளை வளர்த்த காலத்துக்குச் சலுகை உண்டு. போர், பல்கலைக்கழகம் மூடிக்கிடந்த மாதங்கள், தற்காலிக விரிவுரையாளராய்ப் போன வருடங்கள் என்று வந்த ஒருவர் நாற்பதைத் தாண்டிப் பட்டம் பெற்றால் பரவாயில்லை, கடிகாரம் பட்டத்திலிருந்துதான் ஓடத் தொடங்கும். முப்பத்தைந்தில் பெற்று, பத்து வருடம் துறையைக் கட்டி எழுப்பிவிட்டுத் தலை நிமிர்ந்தால் கதவு சாத்தப்படுகிற நேரம் ஆகிவிடும். உழைத்தவருக்கே நேரம் போகிறது.

இங்கேயும் குறை இருக்கிறது. ஏழு வருடச் சேவைக்கு ஒரு வருடம் சபாட்டிக்கல் லீவு தருகிறார்கள், நல்லது. ஆனால் போனவரின் பாடத்தை இரண்டு சகாக்கள் சுமக்கிறார்கள், மாணவரின் ஆய்வு அந்தரத்தில் நிற்கிறது, உறைபெட்டியைப் பார்க்க நிரந்தர ஆள் இல்லை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது சம்பளம் கிட்டத்தட்டப் பாதியானது போலத்தான். அப்போது லீவில் போனவர்களில் பலர் அங்கேயே வேலை தேடினார்கள். ஒரு தொழில்நுட்ப உதவியாளரின் சம்பளமும் ஒரு பற்றரித் தொகுதியும் எவ்வளவு? ஒரு பேராசிரியரை இழப்பதோடு ஒப்பிட்டால் அது காசே இல்லை. பல்கலைக்கழகங்கள் ஃபெலோஷிப்பை ஒருவருக்கு அடித்த தனி அதிர்ஷ்டமாகப் பார்ப்பதை விட வேண்டும். போகிற ஆளின் இருக்கையையும் கருவியையும் மாணவரையும் சூடு ஆறாமல் வைத்திருப்பது துறையின் வேலை. அது நடந்தால் திரும்பி வருவதற்கு யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

நான் புறப்படும்போது அந்த விரிவுரையாளர் உறைபெட்டித் தாளை மறுபடி வாசித்துக்கொண்டிருந்தார். பேனாவை எடுத்துக் கீழே ஐந்தாவதாக ஓர் இலக்கம் எழுதினார். ஜேர்மனிக்குப் போய் எடுக்கப்போகும் எண், முன்பகுதி மட்டும், மிச்சத்துக்கு இடம் விட்டு. பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: அங்கே நேரம் மூன்றரை மணித்தியாலம் பின்னுக்கு, நடுச்சாமம் என்றாலும் எடுக்கவும்.