இரட்டை வீட்டுச் சுவரும் கல்லூரிக் குழுக்களும்

பூந்தமல்லி ஒன்றியம் குத்தம்பாக்கத்தில் இருக்கும் சமத்துவபுரம் மற்ற ஊர்களில் இருப்பதைப் போன்றதல்ல. இங்கே கட்டப்பட்டவை இரட்டை வீடுகள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே பொதுச்சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் தலித் குடும்பம், அந்தப் பக்கம் தலித் அல்லாத குடும்பம். இப்படி 50 இரட்டை வீடுகள், 100 குடும்பங்கள். 1996-ல் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இளங்கோ ரங்கசாமியின் முயற்சி இது. அவர் அந்த ஊரிலேயே பிறந்த தலித். வேதிப் பொறியியல் படித்தவர். பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பியவர்.

யாருக்கு யார் பக்கத்து வீடு என்பதை அந்தந்தக் குடும்பத்தின் விருப்பத்துக்கு விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நம் வாசகர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு வரிசை ஊராகவும் இன்னொரு வரிசை சேரியாகவும் மாறியிருக்கும். அப்படி ஆகாமல் இருப்பதற்கு வீட்டின் வரைபடத்திலேயே வழி செய்யப்பட்டது. நல்லெண்ணம் பிறகு வரட்டும், சுவர் முதலில் வரட்டும் என்ற கணக்கு.

கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளின் விஷயத்துக்கு வருவோம். இன்று கலைக் கல்லூரி முதல் பொறியியல் கல்லூரி வரை குழுவாகச் செய்யும் வேலை இல்லாத பருவம் இல்லை. அசைன்மென்ட், செமினார், பிராஜெக்ட் எல்லாம் நான்கைந்து பேர் சேர்ந்து செய்ய வேண்டியவை. அதில் பெரும்பகுதி கணினியிலும் செல்போனிலும் நடக்கிறது. வாட்ஸ்அப் குரூப்பில் பேச்சு, கூகுள் டாக்ஸில் எழுத்து, கல்லூரியின் மூடுல் தளத்தில் சமர்ப்பிப்பு. கணினியின் துணையோடு சேர்ந்து படிப்பது என்ற இந்தத் துறைக்கு உலக அளவில் 30 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதற்கென முதல் சர்வதேச மாநாடு 1995-ல் அமெரிக்காவின் புளூமிங்டனில் நடந்தது. ஆனால் நம்மூர் வகுப்பறையில் இது தொடங்குவது ஒரே வாக்கியத்தில்தான்: "நாலு நாலு பேரா நீங்களே சேர்ந்துக்குங்க."

அந்த வாக்கியத்துக்குப் பிறகு நடப்பதை யோசித்துப் பாருங்கள். ஒரே ஊர், ஒரே பஸ், ஒரே விடுதி, ஒரே பள்ளி என்று சேர்வார்கள். அதன் அடியில் சாதி ஓடிக்கொண்டிருக்கும். ஆங்கில வழியில் படித்தவர்கள் ஒரு பக்கம் ஒதுங்குவார்கள். கடைசியில் யாரும் கூப்பிடாத நான்கு பேர் மிஞ்சுவார்கள். அவர்கள் ஒரு குழு. அந்தக் குழுவில் யார் இருப்பார்கள் என்பதைப் பெரும்பாலும் முன்பே சொல்லிவிடலாம்.

கலந்து அமைந்த குழுவிலும் சிக்கல் தீர்வதில்லை. முடிவெடுப்பவர் ஒருவர், மேடையில் பேசுபவர் ஒருவர். டைப் அடிப்பவர், பிரிண்ட் எடுத்து வருபவர், ரெக்கார்டு நோட்டில் படம் வரைபவர் வேறொருவர். வேலைப் பிரிவினை என்று தோன்றும் இது எங்கோ பார்த்த பிரிவினைதான். மூன்று ஆண்டுகள் டைப் மட்டுமே அடித்த மாணவி, நேர்முகத் தேர்வில் "இந்த பிராஜெக்ட்டில் உங்கள் பங்கு என்ன?" என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்வார்?

துண்டு துண்டாகப் பாடம்

இந்தச் சிக்கலை நேரடியாக எதிர்கொண்ட ஒரு முயற்சி 1971-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டின் நகரில் நடந்தது. அதுவரை தனித்தனிப் பள்ளிகளில் படித்துவந்த வெள்ளை, கறுப்பு, லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்கார வைத்தார்கள். சண்டை வெடித்தது. எலியட் ஆரன்சன் என்ற சமூக உளவியலாளரை உதவிக்கு அழைத்தார்கள். அவர் அறிவுரை வகுப்பு எதுவும் நடத்தவில்லை. பாடத்தைத் துண்டுகளாக வெட்டினார். ஐந்தாறு பேர் கொண்ட கலப்புக் குழு, ஒவ்வொருவர் கையிலும் பாடத்தின் ஒரே ஒரு துண்டு. மற்றவர்களின் துண்டைத் தெரிந்துகொள்ள அவர்கள் சொல்லக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. தேர்வு மட்டும் முழுப் பாடத்துக்கும்.

வகுப்பில் வாயே திறக்காத, மற்றவர்கள் கிண்டல் செய்துவந்த பிள்ளையிடம் ஒரு துண்டு இருக்கிறது. அவரைக் கிண்டல் செய்தால் நஷ்டம் தனக்குத்தான் என்று மற்ற பிள்ளைகளுக்கு உறைக்கிறது. அவர் பேசுவதற்கு உதவியாகக் கேள்வி கேட்கத் தொடங்குகிறார்கள். 'ஜிக்சா' என்று பெயர் பெற்ற இந்த முறையை இன்று உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள். குத்தம்பாக்கத்தின் பொதுச்சுவரைப் போலத்தான் இதுவும். ஒருவருக்கொருவர் தேவைப்படும்படி அமைப்பையே மாற்றிவிடுவது.

ஜிக்சாவைக் கணினியில் செய்வது இன்னும் எளிது. நான்கு பேருக்கு நான்கு தனித்தனிப் பாடக் கோப்புகளை அனுப்பலாம். ஒவ்வொருவரும் தன் பகுதியை எழுதி முடித்தால்தான் பொதுப்பக்கம் திறக்கும்படி வைக்கலாம். யார் எந்த வரியை எழுதினார் என்ற வரலாறு தானாகவே பதிவாகும். டைப் அடித்தவர் யார், சிந்தித்தவர் யார் என்ற வழக்கு ஆசிரியரிடம் வரும்போது அந்தப் பதிவே சாட்சி சொல்லும்.

முதலில் எழுது, பிறகு பேசு

பேச்சிலும் ஒரு வரிசை உண்டு. "யாருக்காவது கருத்து இருக்கிறதா?" என்று கேட்டால் முதலில் பேசுபவர் எப்போதும் ஒரே ஆள்தான். இதற்கு மாற்றாக ஒரு முறை இருக்கிறது: முதலில் ஒவ்வொருவரும் தனியாக யோசித்து எழுத வேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேச வேண்டும், அதன் பிறகுதான் முழு வகுப்போடு பகிர வேண்டும். மும்பை ஐஐடியில் கம்ப்யூட்டர் புரோகிராமிங் அறிமுகப் பாடத்தை நடத்தும் மிகப்பெரிய வகுப்பில் இதைச் சோதித்து, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். மாணவர்களில் 83 சதவீதம் பேர் தொடர்ந்து பாடத்தில் ஈடுபட்டிருந்தார்கள் என்பது அந்த ஆய்வின் கணக்கு.

இதற்குப் புது மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் டூகியமாஸ் உருவாக்கி, 2002 முதல் இலவசமாகக் கிடைத்துவரும் மூடுலிலேயே இதற்கான வசதி இருக்கிறது. அதில் ஒரு வகை விவாதப் பக்கத்தில், தன் பதிலைப் பதிவிடும்வரை மாணவருக்கு மற்றவர்களின் பதில் தெரியாது. முந்திக்கொண்டு பேசுபவரின் பதிலைப் பார்த்து மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வது அங்கே நடக்காது. குழு பிரிப்பதற்கும் வழி இருக்கிறது. குலுக்கல் முறையில் பிரி என்றால் பிரிக்கும், பெயரின் அகர வரிசைப்படி பிரி என்றாலும் பிரிக்கும். "நீங்களே சேர்ந்துக்குங்க" என்று சொல்ல வேண்டிய கட்டாயம் எந்தப் பேராசிரியருக்கும் இல்லை.

அகர வரிசை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் தலித் மாணவர் ஒருவர் சக மாணவர்களாலேயே வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. 2024 ஜூனில் அவர் அளித்த அறிக்கையின் பரிந்துரைகளில் ஒன்று, வகுப்பறையில் மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பது. கையில் கட்டும் வண்ணக் கயிறு பற்றிய பரிந்துரை தலைப்புச் செய்தி ஆனது. இருக்கை பற்றியது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. நம் பார்வையில் அதுவும் அதே அளவுக்குக் கனமானது. பள்ளிக்குச் சொன்ன அந்த விதியைக் கல்லூரியின் கணினிக் குழுவுக்கும் நீட்டுவதற்கு எந்தத் தடையும் இல்லை.

இதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். கலந்து பிரிக்கிறோம் என்று, குழுவுக்கு ஒரு தலித் மாணவர் என்று தனித்தனியாகத் தெளித்துவிடக் கூடாது. நான்கு பேரில் ஒருவராக ஒருவர் தனித்து நிற்கும்போது, பேசவும் துணை இல்லை, தட்டிக் கேட்கவும் துணை இல்லை. பெண்களுக்கும் இது பொருந்தும். குலுக்கிய பிறகு ஆசிரியர் ஒருமுறை பட்டியலைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். அந்தப் பட்டியலில் சாதிப் பிரிவு அச்சாகி, எல்லோர் செல்போனுக்கும் போய்ச் சேரக் கூடாது. உதவித்தொகைப் பட்டியலை எஸ்சி, எஸ்டி என்று பிரித்து வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போடும் பழக்கம் எங்கே இருந்தாலும் அதை இன்றே நிறுத்த வேண்டும்.

இடம் யாருடையது?

கணினியைச் சேரியின் பக்கம் கொண்டுவரும்போது இடம்தான் முதல் கேள்வி. 1998-ல் புதுச்சேரி வில்லியனூர் பகுதியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியபோது, இடம் தரும் ஊருக்கு ஒரு நிபந்தனை வைத்தது: தலித் மக்கள் உட்பட எல்லோரும் தடையில்லாமல் வந்துபோகக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும். கணினியும் இணைப்பும் வருவதற்கு முன்பே வாசல் பற்றிப் பேசி முடித்தார்கள். கல்லூரிகளில் கணினி ஆய்வகம் எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது, விடுதியில் வைஃபை இருக்கிறதா என்பதெல்லாம் அதே வாசல் கேள்விதான்.

ஏனென்றால் நம் மாணவர்களின் நாள் வேறு மாதிரி நகர்கிறது. திருமழிசை, இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தொழிற்சாலை ஷிப்ட் பார்த்துக்கொண்டு படிப்பவர்கள் உண்டு. வீட்டில் ஒரே போன், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப்போய்விடும் நிலை உண்டு. இரவு 8 மணிக்கு எல்லோரும் வீடியோவில் வர வேண்டும் என்று குழு முடிவுசெய்தால் அந்த மாணவர் வெளியே நிற்பார். பிறகு "அவன் பங்கெடுப்பதே இல்லை" என்ற பெயரும் வரும். எனவே அவரவர் நேரத்தில் வந்து எழுதிவிட்டுப் போகும் வசதி, குறைந்த டேட்டாவில் திறக்கும் பக்கம், இணைப்பு இல்லாதபோதும் படிக்க முடிகிற செயலி ஆகியவை சலுகைகள் அல்ல. வடிவமைப்பின் முதல் வரியில் இருக்க வேண்டியவை. எத்தனை முறை பதிவிட்டார் என்று எண்ணி மதிப்பெண் போடுவதும் இதே காரணத்தால் ஆபத்தானது. போன் இருப்பவர் பத்து முறை "ஓகே" போடுவார்.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். தமிழில் யோசித்து, தமிழில் விவாதித்து, கடைசி அறிக்கையை மட்டும் ஆங்கிலத்தில் எழுதுவதற்கு எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை. ஆங்கிலத்தில் பேசுபவரே அறிவாளி என்ற நினைப்புதான் குறுக்கே நிற்கிறது. கனடாவின் டொராண்டோவில் மார்லின் ஸ்கார்டமாலியா, கார்ல் பெரைட்டர் இருவரும் உருவாக்கிய 'நாலெட்ஜ் ஃபோரம்' என்ற மென்பொருளில், மாணவர் எழுதத் தொடங்கும்போது சில தொடக்க வரிகள் திரையில் இருக்கும். 'என் கருத்து இது', 'எனக்குப் புரிய வேண்டியது இது' என்பது போல. 'எனக்குப் புரிய வேண்டியது' என்று எழுதுவது அங்கே அவமானம் அல்ல, அதுவும் ஒரு பங்களிப்பு. தெரியாததைக் கேட்டால் "கோட்டாவில் வந்தவன்" என்ற பேச்சு வருமோ என்று அஞ்சும் முதல் தலைமுறை மாணவருக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரியது என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

அந்தப் பேச்சு குழுவிலேயே வந்துவிட்டால்? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012-ம் ஆண்டு சமத்துவ விதிமுறைகள் சாதிப் பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கக் கல்லூரிகளுக்குப் பொறுப்பு தந்தன. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 'பொதுப் பார்வையில்' இழிவுபடுத்துவது என்பது இணையத்தில் செய்யப்படுவதையும் சேர்க்கும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-ல் கூறியிருக்கிறது. புகார் கொடுக்க நினைப்பவர் முதலில் செய்ய வேண்டியது, அந்தப் பதிவை அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதியோடு பத்திரப்படுத்துவது.

கணினி மட்டும் போதுமா என்றால், போதாது. சுகதா மித்ரா காளிக்குப்பம் என்ற தமிழ் கிராமத்தில் செய்த சோதனை இங்கே பயன்படும். ஆங்கிலம் தெரியாத பிள்ளைகள், தெருவோரக் கணினியில் ஆங்கிலத்தில் இருந்த உயிரியல் பாடத்தைக் கூட்டமாகச் சேர்ந்து தாங்களே படித்தார்கள். தேர்வில் சுமார் 30 சதவீதம் எடுத்தார்கள். பாடம் தெரியாத, ஆனால் பக்கத்தில் நின்று உற்சாகப்படுத்திய ஓர் இளம்பெண் சேர்ந்த பிறகு அது 50-ஐத் தொட்டது. அவருடைய முடிவுகளை எல்லோரும் ஏற்கவில்லை. ஆனாலும் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும் என்பதை அந்தச் சோதனையும் காட்டுகிறது. வாரம் ஒருமுறையாவது குழுவின் பக்கத்தைத் திறந்து பார்க்கும் ஆசிரியர் அந்த ஆள்.

தமிழக அரசின் 2025-26 பட்ஜெட்டில், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினி அல்லது மடிக்கணினி தரப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அந்தக் கணினியைத் திறந்தால் முதலில் தெரியும் குழுவில் நம் பிள்ளை எங்கே இருக்கிறார் என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் நாம் கேட்கலாம். மாணவர்கள் அடுத்த பருவம் தொடங்கும் வாரத்திலேயே துறைத்தலைவரிடம் கேட்க வேண்டியவை மூன்று: குழுவைக் குலுக்கிப் பிரியுங்கள். எழுதுபவர், பேசுபவர், ஒருங்கிணைப்பவர் என்ற பொறுப்புகளை ஒவ்வொரு அசைன்மென்ட்டுக்கும் மாற்றுங்கள். மதிப்பெண்ணில் ஒரு பகுதியைத் தனியாளின் எழுத்துக்கு வையுங்கள். வாய்மொழியாகக் கேட்காமல் நான்கைந்து பேர் கையெழுத்துப் போட்ட மனுவாகக் கொடுங்கள், நகல் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். மூடுலில் குலுக்கிப் பிரிப்பது சில நிமிட வேலை.