எல்லையில் தனியாக ஒரு பிள்ளை: அமெரிக்கச் சட்டம் என்ன சொல்கிறது?

ஒன்பது வயதில் நீங்க தனியா வெளியூர் பஸ் ஏறியிருக்கீங்களா? கவிஞர் ஹாவியர் சமோரா 1999இல், அந்த வயதில், எல் சால்வடாரிலிருந்து அமெரிக்காவுக்குக் கிளம்பினார். அப்பா, அம்மா அங்கே இருந்தார்கள். வழித்துணை, முன்பின் தெரியாதவர்கள். இரண்டு வாரம் என்று சொன்ன பயணம் இரண்டு மாதம் இழுத்தது.

எத்தனை பேர் இப்படி வர்றாங்க?

2022 நிதியாண்டில் அமெரிக்க எல்லையில் பதிவானது சுமார் 1.5 லட்சம். இது தலைக்கணக்கு இல்லை. ஒரே பிள்ளை இருமுறை பிடிபட்டால் இரண்டு பதிவு.

பிடிபட்டால்?

2008ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுவாக 72 மணி நேரத்துக்குள் எல்லைக் காவலிலிருந்து சுகாதாரத் துறையின் பொறுப்புக்கு மாற்ற வேண்டும். பிறகு காப்பகம், தகுந்த உறவினர் இருந்தால் அவரிடம் ஒப்படைப்பார்கள். மெக்சிகோ, கனடா பிள்ளைகளை மட்டும், விசாரித்துவிட்டு உடனே திருப்பி அனுப்பலாம்.

சிக்கல் எங்கே?

கோர்ட்டில். குடியேற்ற வழக்கு கிரிமினல் வழக்கு இல்லை. அதனால் அரசு செலவில் வக்கீல் கேட்கும் உரிமை குழந்தைக்கும் கிடையாது. எதிரே அரசுத் தரப்பு வக்கீல் இருப்பார்.

அடுத்த முறை இந்த எண்ணிக்கையைப் பார்த்தால், இதையும் கேளுங்க: இவர்களில் எத்தனை பேருக்கு வக்கீல் கிடைத்தார்?