கூப்பிட்டால் மட்டும் போதுமா? – ஃபங்ஷன் அழைப்பு மரபுகள்



சி மொழியில் இரண்டு எண்களைக் கூட்டும் ஃபங்ஷனை நாம் எல்லோருமே எழுதியிருப்போம். மெயினில் 'விடை = கூட்டு(5, 7)' என்று ஒரே வரி. திரையில் 12 என்று வரும். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கிவிட்டு அத்தோடு மறந்துவிடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

போன செமஸ்டர் செய்முறைத் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தம்பி, இந்த 5-ம் 7-ம் மெயினிலிருந்து ஃபங்ஷனுக்கு எந்த வழியாப் போகுது?" நான் உடனே, "பாராமீட்டர் வழியா சார்" என்றேன். "அது பேருப்பா. நான் கேக்கிறது வழி" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை. எங்கள் வீட்டில் இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு முன்னால் படித்தவர் யாரும் இல்லை. அதனால் நானே தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

நான்கு கேள்விகள்

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நாம் நினைக்கிற 'ஃபங்ஷன்' என்பது புராசஸருக்குத் தெரியாது. ஒரு அட்ரஸுக்குத் தாவுவது, ரிஜிஸ்டரில் எழுதுவது, மெமரியில் வைப்பது, எடுப்பது, கணக்குப் போடுவது – அதற்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஆகவே ஒரு ஃபங்ஷன் இன்னொரு ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டுமென்றால், நான்கு விஷயங்களை இருவரும் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும்.

1. வேலை முடிந்ததும் எங்கே திரும்பி வருவது?
2. கொடுக்கும் மதிப்புகளை எங்கே வைப்பது?
3. விடையை எங்கே வைத்துவிட்டு வருவது?
4. எந்த ரிஜிஸ்டரைத் தொடலாம், எதைத் தொட்டால் பழையபடி வைத்துவிட்டு வரவேண்டும்?

இந்த நான்குக்கும் எழுதி வைத்த பதிலைத்தான் 'காலிங் கன்வென்ஷன்' என்கிறார்கள். தமிழில் 'அழைப்பு மரபு' என்று சொல்லலாம். மரபு என்ற சொல்லைக் கவனியுங்கள். இதில் பெரும்பகுதி சிப்புக்குள் இல்லை. மனிதர்கள் கூடிப் பேசி, தாளில் எழுதி வைத்துக்கொண்டது.

திரும்பி வரும் வழி

நம் லேபில் இருக்கும் 8085 கிட்டையே எடுத்துக்கொள்வோம். 'கால்' கட்டளை 3 பைட் நீளம். அது 2000 என்ற அட்ரஸில் இருந்தால் அடுத்த கட்டளை 2003-ல் இருக்கும். 'கால்' ஓடும்போது இந்த 2003-ஐ ஸ்டாக்கில் தள்ளிவிட்டுத்தான் தாவும். ஸ்டாக் பாயின்டர் 2 குறையும். கடைசியில் 'ரிட்டர்ன்' கட்டளை அதே 2003-ஐ எடுத்து புரோகிராம் கவுன்டரில் போடும். இன்டெல் குடும்பத்தில் 64 பிட் வரைக்கும் இதே வழக்கம்தான்.

எல்லா மெஷினும் இப்படி இருந்ததில்லை. 1965-ல் வந்த பிடிபி-8 கம்ப்யூட்டரில் ஸ்டாக்கே கிடையாது. கூப்பிடப்படும் சப்ரூட்டீனின் முதல் மெமரி இடத்திலேயே திரும்பும் அட்ரஸை எழுதிவிடும். சுலபமான வழிதான். ஆனால் அந்த சப்ரூட்டீன் தன்னையே மறுபடி கூப்பிட்டால் என்ன ஆகும்? இரண்டாவது அட்ரஸ் முதல் அட்ரஸை அழித்துவிடும். அப்புறம் மெயினுக்கு வழி ஏது? நாம் ரிகர்ஷன் என்று ஃபேக்டோரியல் கணக்குப் போடுகிறோமே, அதை அங்கே அப்படியே எழுத முடியாது. ஸ்டாக் எதற்கு என்று யாராவது கேட்டால் இந்த ஒரு உதாரணம் போதும்.

நம் செல்போன்களில் இருக்கும் ஆர்ம் புராசஸர் மூன்றாவது வழியில் போகிறது. 'பிராஞ்ச் அண்ட் லிங்க்' என்ற கட்டளை, திரும்பும் அட்ரஸை மெமரிக்கு அனுப்பாமல் 'லிங்க் ரிஜிஸ்டர்' என்ற ஒன்றில் வைக்கிறது. 32 பிட் ஆர்மில் அது ஆர்14, 64 பிட்டில் எக்ஸ்30. சின்ன ஃபங்ஷன் ஒன்று வேறு யாரையும் கூப்பிடவில்லை என்றால் திரும்பும் அட்ரஸுக்காக மெமரியைத் தொடவே வேண்டாம், வேகம் கூடும். ஆனால் அது இன்னொரு ஃபங்ஷனைக் கூப்பிட்டால் லிங்க் ரிஜிஸ்டர் அழிந்துவிடும். அதனால் முதல் வேலையாக அதை ஸ்டாக்கில் பத்திரப்படுத்த வேண்டும். மிப்ஸ், ரிஸ்க்-ஃபைவ் இரண்டிலும் இதே கதைதான்.

இலையை யார் எடுப்பது?

அடுத்தது கொடுக்கும் மதிப்புகள். 32 பிட் இன்டெல் புராசஸரில் பொது ரிஜிஸ்டர்கள் மொத்தம் 8. அதில் ஒன்று ஸ்டாக் பாயின்டராகப் போய்விடும். மிச்சம் இருப்பதே கொஞ்சம் என்பதால், சி கம்பைலர்கள் மதிப்புகளை ஸ்டாக்கில் தள்ளின. வலமிருந்து இடமாக. கூட்டு(5, 7) என்றால் முதலில் 7, பிறகு 5. இதற்கு 'சி-டிகல்' முறை என்று பெயர். விடை ஈஏஎக்ஸ் ரிஜிஸ்டரில் திரும்பி வரும்.

வேலை முடிந்தபின் ஸ்டாக்கில் கிடக்கும் 5-ஐயும் 7-ஐயும் யார் எடுப்பது? இங்கேதான் இரண்டு கட்சி. கல்யாண வீட்டில் இலை போட்டவர்களே வந்து எச்சில் இலையை எடுப்பார்கள். சில மெஸ்ஸில் சாப்பிட்டவரே தன் இலையை எடுத்துப் போட வேண்டும். சி-டிகல் கல்யாண வீடு. கூப்பிட்டவர்தான் சுத்தம் செய்வார். பாஸ்கல் முறை மெஸ் மாதிரி. கூப்பிடப்பட்ட ஃபங்ஷனே எடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

மெஸ் முறையில் ஒரு லாபம் உண்டு. ஒரு ஃபங்ஷனை நூறு இடத்தில் கூப்பிட்டாலும், சுத்தம் செய்யும் கட்டளை அந்த ஃபங்ஷனுக்குள் ஒரே இடத்தில் இருந்தால் போதும். புரோகிராம் அளவு குறையும். மெமரி குறைவாக இருந்த 16 பிட் விண்டோஸ் காலத்தில் மைக்ரோசாஃப்ட் பாஸ்கல் முறையைத்தான் பயன்படுத்தியது. பிறகு வந்த 32 பிட் விண்டோஸில் 'ஸ்டாண்டர்ட் கால்' என்ற கலப்பு முறை வந்தது. தள்ளுவது சி மாதிரி வலமிருந்து, எடுப்பது பாஸ்கல் மாதிரி கூப்பிடப்பட்டவர்.

அப்படியானால் சி ஏன் கல்யாண வீட்டு முறையை விடவில்லை? பதில் 'பிரின்ட்-எஃப்'. அதற்கு ஒரு மதிப்பும் கொடுக்கலாம், பத்தும் கொடுக்கலாம். எத்தனை இலை போட்டோம் என்பது போட்டவருக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். வலமிருந்து தள்ளுவதற்கும் காரணம் இருக்கிறது. அப்போதுதான் முதல் மதிப்பு எப்போதும் ஸ்டாக்கின் மேல்புறம் ஒரே இடத்தில் நிற்கும். பிரின்ட்-எஃப் முதலில் அந்த வாக்கியத்தைப் படித்து, சதவீதக் குறிகளைப் பார்த்து, பின்னால் எத்தனை இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறது.

ஒரே சிப், இரண்டு மரபு

2003-ல் ஏஎம்டி நிறுவனம் 64 பிட் ஆப்டரான் புராசஸரை வெளியிட்டது. பொது ரிஜிஸ்டர்கள் 16 ஆயின. இடம் கிடைத்ததும் மதிப்புகளை ரிஜிஸ்டரிலேயே அனுப்பலாம் என்று முடிவு செய்தார்கள். எந்த ரிஜிஸ்டரில் என்பதில்தான் ஒற்றுமை இல்லை.

லினக்ஸில் முழு எண்களில் முதல் ஆறும் ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ், ஆர்சிஎக்ஸ், ஆர்8, ஆர்9 என்ற வரிசையில் போகும். விண்டோஸில் முதல் நான்கு மட்டும். ஆர்சிஎக்ஸ், ஆர்டிஎக்ஸ், ஆர்8, ஆர்9. கூடவே, கூப்பிடுகிறவர் ஸ்டாக்கில் 32 பைட் காலியாக விட்டுத்தர வேண்டும் என்பதும் விண்டோஸ் விதி. மீதி மதிப்புகள் இரண்டிலும் ஸ்டாக்கில் போகும். விடை இரண்டிலும் ஆர்ஏஎக்ஸில் வரும்.

இப்போது நம் கூட்டு(5, 7) லினக்ஸில் ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ வழியாகப் போகிறது. விண்டோஸில் ஆர்சிஎக்ஸ், ஆர்டிஎக்ஸ் வழியாகப் போகிறது. கம்ப்யூட்டர் ஒன்றே, சிப் ஒன்றே. லினக்ஸுக்கு எழுதிய அசெம்ப்ளியை விண்டோஸில் போட்டால் அசெம்ப்ளர் ஒரு பிழையும் சொல்லாது. 12-க்குப் பதில் ஏதோ ஒரு குப்பை எண் வரும். மரபு சிப்புக்குள் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

மற்ற மெஷின்களையும் சுருக்கமாகப் பார்ப்போம். 32 பிட் ஆர்மில் ஆர்0 முதல் ஆர்3 வரை நான்கு ரிஜிஸ்டர்; 64 பிட் ஆர்மில் எக்ஸ்0 முதல் எக்ஸ்7 வரை எட்டு; ரிஸ்க்-ஃபைவில் ஏ0 முதல் ஏ7 வரை எட்டு. 1987-ல் சன் நிறுவனம் கொண்டுவந்த ஸ்பார்க் புராசஸரோ தனி ரகம். அதில் ரிஜிஸ்டர்கள் ஜன்னல் ஜன்னலாக இருக்கும். புது ஃபங்ஷன் தொடங்கும்போது ஜன்னல் நகரும். கூப்பிட்டவரின் 'வெளியே' ரிஜிஸ்டர்கள், கூப்பிடப்பட்டவருக்கு 'உள்ளே' ரிஜிஸ்டர்களாகத் தெரியும். எதையும் நகல் எடுக்காமலே மதிப்பு கை மாறிவிடும். ஜன்னல்கள் தீர்ந்துபோனால்தான் பழையதை மெமரிக்கு அனுப்ப வேண்டும்.

மைக்ரோகன்ட்ரோலர் பிராஜக்ட் செய்யும் நண்பர்கள் 8051 விஷயத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் உள்மெமரி 128 பைட்தான். ஸ்டாக்கும் அதற்குள்ளேயே வளர வேண்டும். ஆகவே கைல் சி51 கம்பைலர் மூன்று மதிப்புகள் வரை ரிஜிஸ்டரில் அனுப்புகிறது. மற்றவற்றையும் லோக்கல் வேரியபிள்களையும் ஸ்டாக்கில் வைக்காமல் நிலையான மெமரி இடங்களில் வைக்கிறது. அதனால் ஒரு ஃபங்ஷன் பாதியில் இருக்கும்போது இன்டரப்ட் வந்து அதே ஃபங்ஷனைக் கூப்பிட்டால் பழைய மதிப்புகள் அழிந்துவிடும். 'ரீ-என்ட்ரன்ட்' என்று தனியாக அறிவித்தால்தான் தப்பிக்கலாம். பிடிபி-8 கதையே திரும்பி வருகிறது பாருங்கள்!

நான் பட்ட பாடு

நான்காவது கேள்விதான் என்னை மூன்று நாள் தூங்கவிடாமல் செய்தது. பத்து மாணவர்களின் ஐந்து பாட மார்க்கைக் கூட்டிக் காட்டும் மினி பிராஜக்ட். கூட்டும் ஃபங்ஷனை மட்டும் அசெம்ப்ளியில் எழுதி, லினக்ஸில் சி புரோகிராமோடு சேர்த்தேன். ஐந்திலிருந்து பூஜ்யம் வரை எண்ண ஆர்பிஎக்ஸ் ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டேன். பத்துப் பேருக்கும் சரியான விடை வந்தது. ஒரே சந்தோஷம்.

வேகமாக ஓடட்டுமே என்று ஆப்டிமைசேஷனைப் போட்டு மறுபடி கம்பைல் செய்தேன். முதல் மாணவர் வந்தார். இரண்டாமவர் வந்தார். மறுபடியும் இரண்டாமவர், மறுபடியும் அவரே! திரை நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. "கம்பைலர்லதான் தப்பு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தப்பு என்னுடையது. ரிஜிஸ்டர்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கூப்பிடப்பட்டவர் இஷ்டம்போல் அழிக்கலாம். அதில் முக்கியமானது இருந்தால் கூப்பிடுகிறவர்தான் முன்பே பத்திரப்படுத்த வேண்டும். மற்றொன்று இரவல் பாத்திரம் மாதிரி. பயன்படுத்தலாம், ஆனால் கொடுக்கும்போது பழையபடியே கொடுக்க வேண்டும். 64 பிட் லினக்ஸில் ஆர்பிஎக்ஸ், ஆர்பிபி, ஆர்12 முதல் ஆர்15 வரை இரவல் பாத்திரங்கள். 32 பிட் ஆர்மில் ஆர்4 முதல் ஆர்11 வரை பொதுவாக அப்படி.

ஆப்டிமைசேஷன் இல்லாதபோது கம்பைலர் லூப் எண்ணை மெமரியில் வைத்திருந்தது. நான் ஆர்பிஎக்ஸை அழித்தது யாருக்கும் தெரியவில்லை. ஆப்டிமைசேஷன் போட்டதும் மரபை நம்பி லூப் எண்ணை ஆர்பிஎக்ஸிலேயே வைத்தது. என் ஃபங்ஷன் ஒவ்வொரு முறையும் அதைப் பூஜ்யமாக்கித் திருப்பிக் கொடுத்தது. அதோடு ஒன்றைக் கூட்டினால் 1, அதாவது இரண்டாம் மாணவர். கதை அவ்வளவுதான். தொடக்கத்தில் ஒரு 'புஷ்', முடிவில் ஒரு 'பாப்' – இரண்டே வரியில் எல்லாம் சரியாயிற்று.

நண்பர்களே, ஒரு வேலை செய்து பாருங்கள். ஜிசிசி கம்பைலருக்கு மைனஸ் போட்டு பெரிய எஸ் எழுத்தைக் கொடுத்தால், உங்கள் சி புரோகிராமின் அசெம்ப்ளி வடிவத்தைக் கோப்பாகத் தரும். கூட்டு(5, 7) எழுதி அதில் 5 எங்கே, 7 எங்கே என்று தேடுங்கள். அரைமணி நேரம்தான் ஆகும்.

மரபை மீறினால் தண்டனை உடனே வராது. மீறிய இடத்திலும் வராது. வேறெங்கோ, வேறொருவர் எழுதிய வரியில் போய் வெடிக்கும். அதனால்தான் தவறு செய்தவன் கம்பைலரைத் திட்டிக்கொண்டு திரிகிறான், என்னைப்போல.

அந்தத் தேர்வாளர் மறுபடி வந்தால் இப்போது நான் திருப்பிக் கேட்பேன்: "எந்த மெஷின், எந்த ஓ.எஸ்., எந்த கம்பைலர் சார்?" அவர் கேட்ட கேள்விக்குச் சரியான பதிலின் முதல் பாதி அதுதான்.



– மூன்றாம் ஆண்டு மாணவன், கணினிப் பொறியியல் துறை