கூரையைப் பிரித்த நால்வர்



தூய மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம் நாம் அனைவரும் அறிந்த பகுதி. முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் சுமந்து வருகிறார்கள். வாசலில் கூட்டம், உள்ளே நுழைய வழியில்லை. அவர்கள் திரும்பிப் போகவில்லை. கூரையைப் பிரித்து, படுக்கையோடு அவரை இயேசுவின் முன் இறக்குகிறார்கள். சுமந்து வந்தவர்களின் நம்பிக்கையை ஆண்டவர் கண்டார் என்று நற்செய்தியாளர் குறிப்பிடுவதை நாம் கவனிக்க வேண்டும்.

குடிநோயும் ஒருவகை முடக்குவாதம்தான். எழ வேண்டும் என்று மனம் விரும்பினாலும் கால்கள் மறுபடியும் கடைப்பக்கமே போகின்றன. இது நோய் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956-இல் ஏற்றுக்கொண்டது. அளவுமீறிய மதுவைத் தவிர்க்கும்படி திருஅவையின் மறைக்கல்வி ஏடு நம்மைக் கேட்கிறது. இரண்டும் முரண்படவில்லை. நோய் வந்ததற்காக ஒருவரை இழிவுபடுத்தக் கூடாது. அதற்கு மருந்து தேடும் பொறுப்பும் அவரை விட்டு நீங்குவதில்லை.

நம் குடும்பங்களில் என்ன நடக்கிறது? வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்கிறோம். பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் வாங்குகிறோம். நேர்ச்சை நல்லதே. அதன் பலத்தில் நிலைத்து நிற்பவர்களும் உண்டு. ஆனால் சத்தியம் முறிந்துவிட்டால், அந்த வெட்கமே அடுத்த குடிக்குக் காரணமாகிறது. பலருக்கு இல்லாமல் போவது நேர்ச்சை அல்ல, தோள் கொடுக்கும் நால்வர்.

அந்தத் தோள் எப்படிக் கிடைத்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1935 மே மாதம், பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குத் தரகர், அமெரிக்காவின் ஆக்ரன் நகர விடுதி ஒன்றில் தனியே நின்றார். வந்த தொழில் காரியம் தோற்றுவிட்டது, அருகிலேயே மதுக்கூடம். குடியை நிறுத்திச் சில மாதங்களே ஆகியிருந்தன. அவர் மதுக்கூடத்துக்குள் நுழையாமல், போதகர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தார். அதன் வழியாகக் குடியால் தவித்த பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரைச் சந்தித்தார். ஒரு குடிநோயாளி இன்னொரு குடிநோயாளியிடம் மனம் திறந்தபோது இருவருக்குமே பலம் பிறந்தது. டாக்டர் பாப் கடைசியாகக் குடித்த நாளாகக் கருதப்படும் 1935 ஜூன் 10-ஐயே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்', அதாவது ஏ.ஏ. குழுவின் பிறந்தநாளாகக் கொள்கிறார்கள். அதே ஊரின் புனித தோமா மருத்துவமனையில் அருள்சகோதரி இக்னேஷியா 1939 முதல் இத்தகைய நோயாளிகளைச் சேர்த்துப் பராமரித்தார். இக்குழுவின் பன்னிரண்டு படிகளுக்கும் புனித இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளுக்கும் உள்ள ஒற்றுமையை இயேசு சபை அருள்தந்தை எட்வர்ட் டவ்லிங் எடுத்துக்காட்டினார். எனினும் இக்குழு எந்த மதத்தையும் சார்ந்ததல்ல.

சரி, எந்தக் கூட்டத்துக்குப் போவது? குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றே உறுப்பினராகத் தகுதி. கட்டணம் இல்லை. முழுப்பெயர் சொல்ல வேண்டியதில்லை. 'மூடிய கூட்டம்' குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். 'திறந்த கூட்டத்துக்கு' மனைவியும் நண்பரும் உடன் வரலாம். தயங்குகிறவருக்கு இது நல்ல தொடக்கம். தனக்குப் புரியும் மொழியில் நடக்கிறதா, வீட்டிலிருந்து எளிதாகப் போய்வர முடியுமா, வழக்கமாகக் கடைக்குப் போகும் மாலை நேரத்திலேயே நடக்கிறதா என்று பார்ப்போம். பெண்களுக்கு, பெண்கள் கூடும் குழு கிடைத்தால் மனம் திறப்பது எளிது.

முதல் கூட்டம் பிடிக்கவில்லை என்றால் அத்தோடு விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு குணம் உண்டு. சில குழுக்களுக்குச் சில முறை போய்ப் பார்த்தபிறகே முடிவெடுக்க வேண்டும். நெடுநாள் குடிக்காமல் நிலைத்திருக்கும் ஒருவரை வழிகாட்டியாகக் கேட்டுக்கொள்ளலாம். யாராவது பணம் கேட்டால், மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னால், அங்கே கேட்ட பேச்சை வெளியே பரப்பினால், அந்த இடம் நமக்குரியதல்ல.

ஓர் எச்சரிக்கை. பல ஆண்டுகளாக நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தக் கலக்கமும் வரலாம், உயிருக்கே ஆபத்து. முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கூட்டம் அதற்குத் துணை நிற்கும். மையம் எங்கே என்று தெரியாதவர்கள் நடுவண் அரசின் 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

வீட்டில் அழுதுகொண்டிருக்கும் தாய்மாருக்கும் ஒரு சொல். 1951-இல் தொடங்கிய 'அல்-அனான்' குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கானது. கணவர் இன்னும் நிறுத்தாவிட்டாலும் நீங்கள் போகலாம். அவருடைய நோய் உங்கள் குற்றம் அல்ல.

அன்பியங்களாக நாம் செய்யக்கூடியது இது: போக வெட்கப்படுகிறவரோடு முதல் நாள் வாசல்வரை நடப்போம். திருமண வீட்டில் "ஒரு சொட்டுதானே" என்று யாரையும் வற்புறுத்தாதிருப்போம். நிறுத்தியவர் மறுபடி விழுந்தால், "நான் அப்போதே சொன்னேன்" என்பதை விட்டு, "வாருங்கள், இன்று மாலை கூட்டம் இருக்கிறது" என்போம்.

சுமப்போருக்குத் தோள்வலியைத் தாங்கும் அன்பையும், சுமக்கப்படுவோருக்கு எழுந்து நடக்கும் அருளையும் ஆண்டவர் தருவாராக. ஆமென்.