முழங்கையில் அடிபட்டால்

நெசவாளருக்கும் குடியானவருக்கும் கையே முதல். தறிக்கும் விதைக்கும் சங்கம் கடன் தரும். மடங்க மறுத்துவிட்ட முழங்கைக்கு எச்சங்கமும் கடன் தர இயலாது. ஆகையால் அம்மூட்டுக்கு நேரும் காயங்களைக் குறித்தும், எவற்றிற்கு ரண சிகிச்சை தேவை என்பது குறித்தும் இங்குக் கூற விரும்புகிறோம்.

முதலில், அச்சப்பட வேண்டாத ஒன்று. நாடாவை ஓட்டும் கயிற்றை நாள் முழுதும் இழுப்பவர்க்கும், மண்வெட்டி பிடிப்பவர்க்கும் முழங்கையின் வெளிப்புறத்தில் நோவு காண்பதுண்டு. மேல்நாட்டார் இதற்கு டென்னிஸ் முழங்கை எனப் பெயரிட்டனர். அப்பந்தாட்டத்தைக் கண்டறியாதவரையும் அது விடுவதில்லை. மணிக்கட்டை மேல்நோக்கி நிமிர்த்தும் தசையின் நாண், எலும்பைப் பற்றும் இடத்தில் நைந்துபோவதே காரணம். வேலையைச் சற்றுக் குறைத்து, முறையான கைப்பயிற்சியும் செய்துவந்தால் பெரும்பாலோர்க்கு ஓராண்டிற்குள் குணமாகும். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்கள் சுகம் தரினும், வலி பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. பல மாதங்கள் கழிந்தும் தீராத சிலருக்கே ரண சிகிச்சை வேண்டியிருக்கும்.

குழந்தைகளின் முறிவோ ஒரு பகல்கூடக் காத்திராது. மரத்திலிருந்தோ திண்ணையிலிருந்தோ கையை ஊன்றி விழும் சிறுவர்க்கு, முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு மெலிந்திருக்கும் இடத்தில் முறிவு ஏற்படுகிறது. கைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெரிய குழாயும், முக்கியமானதொரு நரம்பும் அதற்கு நேர் முன்னே செல்கின்றன. முறிந்த முனை அவற்றை நெரிக்கலாம், வீக்கமும் ஏறும். இந்நிலையில் மூங்கில் தப்பை வைத்து இறுகக் கட்டிவிட்டால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, சுமார் 6 மணி நேரத்திற்குள் தசை மடிந்துவிடக்கூடும். மடிந்த தசை நாராகச் சுருங்கி விரல்களை உள்ளே இழுத்துவிடும். பின்னர் அக்கை பாவு பிணைக்கவும் உதவாது, களை பறிக்கவும் உதவாது. 1881ஆம் ஆண்டில் ஜெர்மானிய ரண வைத்தியர் ரிச்சர்டு வோல்க்மன் இவ்வூனத்தை விளக்கி, இறுகிய கட்டே காரணமென எழுதினார். ஆஸ்பத்திரி மாவுக்கட்டும் இறுகினால் இதே தீங்கைச் செய்யுமாதலின், நாட்டு வைத்தியரை மட்டும் பழிப்பதில் நியாயமில்லை.

கட்டிய பின்னும் வலி ஏறிக்கொண்டே போதல், விரலை நீட்டிவிட்டால் குழந்தை அலறுதல், விரல்கள் வெளுத்தல், சில்லிடல், மரத்தல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் கட்டை உடனே தளர்த்தி ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். கட்டியவர் கோபிப்பாரே என்று விடியும்வரை காத்திருத்தல் கூடாது. அடிபட்டவுடன் செய்யத்தக்கதும் சொற்பமே. கையை இருந்த நிலையிலேயே துண்டால் தளர்வாகத் தாங்கி, 108 வண்டியை அழைக்கலாம். எண்ணெய் நீவுதல் வேண்டா. மயக்க மருந்து கொடுக்க நேரலாமாதலின் பாலும் சோறும் கொடாதிருப்பது நன்று.

ரண சிகிச்சை என்றதும் பெற்றோர் நடுங்குகின்றனர். பெரும்பாலும் இதில் கத்திக்கே வேலையில்லை. குழந்தையை மயக்கத்தில் ஆழ்த்தி, எக்ஸ்ரே திரையில் பார்த்தவாறே எலும்பை நேராக்கி, தோலின் வழியே இரண்டு அல்லது மூன்று மெல்லிய கம்பிகளைச் செலுத்தி நிறுத்துவர். மூன்று நான்கு வாரங்களில் அவை நீக்கப்படும். எலும்பு நேராகியும் இரத்த ஓட்டம் திரும்பாவிடில் மட்டுமே திறந்து குழாயைச் சீர்செய்வர்.

பெரியவர்கள் முழங்கை முனை தரையில் மோத விழுந்தால் அம்முனை உடைவதுண்டு. கையை நீட்டும் தசை உடைந்த துண்டை மேலே இழுத்துவிடுவதால், துண்டு விலகியவர்க்குக் கட்டு மட்டும் போதாது. கம்பியோ தகடோ கொண்டு பிணைப்பர். முழங்கை வெகு விரைவில் இறுகும் மூட்டு. டாக்டர் குறித்த நாளில் தாமே மெல்ல அசைக்கத் தொடங்க வேண்டும். பிறரைக் கொண்டு நீவி வலிந்து இழுத்தால் தசைக்குள்ளேயே எலும்பு வளரக்கூடும்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இச்சிகிச்சைகள் நடைபெறுகின்றன. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் அப்பெயரில் நடந்துவருகிறது. அட்டை பெறாத அங்கத்தினர்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மையத்தில் குடும்ப அட்டையுடன் சென்று விசாரித்து, அடிபடும் நாளுக்கு முன்பே அதைப் பெற்று வைத்துக்கொள்வார்களாக.