வலியைப் பொறுத்துக்கொண்டால் புத்தி தெளிவாக இருக்குமா?

இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட முதியவர், இரண்டாம் நாள் இரவில் டிரிப்ஸ் குழாயைப் பிடுங்குகிறார். மகனை இறந்துபோன தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். இப்படி ஒரு குழப்பம் வந்தால் வீட்டார் முதலில் மயக்க மருந்தைக் குறை சொல்வார்கள், அடுத்து வலி ஊசியை. 'இனிமேல் ஊசி வேண்டாம், பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளட்டும்' என்ற முடிவும் அந்தப் பதற்றத்தில்தான் பிறக்கிறது. பாசத்தில் எடுக்கப்படும் அந்த முடிவு, காப்பாற்ற நினைத்த மூளைக்கே தீங்கு செய்யக்கூடும்.

மயக்க மருந்தின் மீதான சந்தேகம் புதிதல்ல. 1955இலேயே பெட்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 'லான்செட்' இதழில் இதை எழுப்பினார். 1998இல் அதே இதழில் வெளியான பன்னாட்டு ஆய்வு, இதயம் சாராத பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்ட, 60 வயதைக் கடந்த 1,218 பேரைச் சோதித்தது. நினைவாற்றலிலும் கவனத்திலும் சரிவு ஒரு வாரத்தில் 25.8 சதவீதம் பேருக்கு இருந்தது. மூன்று மாதத்தில் அது 9.9 சதவீதமாகக் குறைந்தது. முதுமை, குறைந்த படிப்பு, நீண்ட நேர மயக்கம், மறு அறுவை சிகிச்சை, கிருமித்தொற்று, சுவாசச் சிக்கல் ஆகியவை தொடக்கச் சரிவோடு சேர்ந்து வந்தன. அப்படியானால் முழு மயக்கத்தைத் தவிர்த்து முதுகில் ஊசி போட்டால் போதாதா? 2021இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பு முறிவு நோயாளிகள் 1,600 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டார்கள். மனக்குழப்பம் முதுகு ஊசியில் 20.5, முழு மயக்கத்தில் 19.7 சதவீதம். முதுகு ஊசியோடு தூக்க மருந்தும் சேர்ந்ததால்தான் இப்படி என்று வாதிடலாம். ஆனால் 2022இல் வெளியான சீன ஆய்வில் தூக்க மருந்தே தராமல் பார்த்தபோதும் வேறுபாடு தெரியவில்லை.

வலிக்கு வருவோம். 2003இல் நியூயார்க்கில் இடுப்பு முறிவு நோயாளிகள் 541 பேரைக் கவனித்தபோது, மிகக் குறைந்த அளவே மார்ஃபின் வகை மருந்து பெற்றவர்களுக்குக் குழப்பம் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடியிருந்தது. குழம்பியவரால் வலியைச் சொல்ல முடியாது, அதனால்தான் அவருக்கு மருந்து குறைந்திருக்கும் என்று ஒருவர் மறுக்கலாம்; நியாயமான கேள்விதான். அதற்குக் கிரேக்க நாட்டு ஆய்வு ஒன்று பதில் தருகிறது. அங்கே நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு இடுப்பருகே நரம்பை மரக்கச்செய்யும் ஊசி போட்டார்கள். அவர்களில் குழப்பம் 10.8 சதவீதம், போடாதவர்களில் 23.8.

எல்லா வலி மருந்தும் பாதுகாப்பானது என்று இதற்குப் பொருளில்லை. பெத்திடின் முதியவர்களைக் குழப்பும் என்பதற்குச் சான்று உண்டு; தூக்க மாத்திரைகளில் பலவும் அப்படியே. அளவு மிஞ்சினால் மார்ஃபினும் கெடுக்கும். ஆகவே கேட்க வேண்டியது எந்த மருந்து, எவ்வளவு, நரம்பு ஊசிக்கு வழியுண்டா என்பதுதான். மருந்தே வேண்டாம் என்பதல்ல. வழக்கமாகச் சாப்பிடும் தூக்க மாத்திரையையும் குடிப்பழக்கத்தையும் மறைக்காமல் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். கண்ணாடியும் காது கருவியும் அறுவை சிகிச்சை முடிந்ததும் அவர் கைக்கு வர வேண்டும். கண்மூடிச் சும்மா கிடப்பவரை 'தூங்குகிறார்' என்று விட்டுவிடுவதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. ஆர்ப்பாட்டமில்லாத குழப்பமும் உண்டு. மறதி நோய் இருப்பவர் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லாமல் போகலாம். புரட்டிப் படுக்கவைக்கும்போது அவர் முகம் சுளிக்கிறதா என்று பார்த்து, அதை நர்ஸிடம் சொல்ல அருகிலிருப்பவரால்தான் முடியும்.