களப்பணிக்கு ஏற்ற இருகண் தொலைநோக்கி

ஒடிசா மாநிலத்துச் சிலிகா ஏரியில் ஆண்டுதோறும் ஜனவரித் திங்களில் நீர்ப்பறவைகளின் தொகை எடுக்கப்படுகிறது. குளிர்காலத்தைக் கழிக்க வடதிசையிலிருந்து வரும் ஊசிவால் வாத்துகளும், நாமத்தலை வாத்துகளும், கிளுவைகளும் அங்கே பல்லாயிரக்கணக்கில் கலந்து மிதக்கும். எண்ணுவோர் பெரும்பாலும் படகிலிருந்தே எண்ணுகின்றனர். படகு ஓரிடத்தில் நில்லாது; பறவைகளும் நில்லா. கழுகு ஒன்று மேலே வட்டமிட்டாற் போதும், கூட்டம் முழுவதும் எழுந்து வேறிடத்தில் சென்று இறங்கும். அதற்குள் அடையாளம் காணப்படாதவை குறிப்பேட்டில் ‘இனம் தெரியாத வாத்துகள்’ என்னும் வரியிற் போய்ச் சேரும். அந்த வரி பெருத்துவிட்டால், எந்த இனம் பெருகியது, எந்த இனம் அருகியது என்று பின்னர் எவராலும் கூற இயலாது.

இத்தகைய பணிக்குச் செல்வோர் கையில் இருக்க வேண்டிய கருவி எது? பைனாகுலர் என வழங்கும் இருகண் தொலைநோக்கியை வாங்கச் செல்வோர் பலர், எது மிகவும் பெரிதாக்கிக் காட்டுகிறதோ அதுவே சிறந்தது எனக் கருதி 20 மடங்குக் கருவியைக் கேட்டு வாங்குகின்றனர். கடையின் வாயிலில் நின்று எதிர்ப்புறத்துப் பெயர்ப்பலகையைப் படிப்பதற்கு அது நன்றாகவே இருக்கும். களத்திற்குச் சென்ற பின்னரே அதன் குறை புலனாகும்.

ஒவ்வொரு கருவியின் மீதும் 8×30, 7×35, 20×50 என்பன போன்ற இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாவது, முன்புறத்துப் பொருளருகு வில்லையின் விட்டம் மில்லிமீட்டரில். வாங்குவோர் பெரும்பாலும் கவனியாது விடும் மூன்றாவது அளவு ஒன்று உண்டு. அதுவே காட்சிப்புலம், அதாவது ஒரே பார்வையில் அகப்படும் வெளியின் அகலம். இது பாகையிலோ, 1000 மீட்டர் தொலைவில் இத்தனை மீட்டர் என்றோ குறிக்கப்படும். ஒரு பாகை என்பது 1000 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 17.5 மீட்டர்.

நல்ல 8×30 கருவியின் காட்சிப்புலம் 8.5 பாகை வரை இருக்கும். 20×50 கருவியினுடையது ஏறத்தாழ 3 பாகையே. ஏரியின் நடுவே 1000 மீட்டருக்கு அப்பால் முன்னது ஏறத்தாழ 150 மீட்டர் அகலத்தைக் காட்டும்போது பின்னது 52 மீட்டரை மட்டுமே காட்டும். பரப்பளவில் இது எட்டு மடங்கு வேறுபாடு. காட்டிலோ நிலைமை இன்னும் கடினமானது. 20 மீட்டர் தொலைவிலுள்ள மரத்தில் தாவித் திரியும் கதிர்க்குருவியை 3 மீட்டர் அகலமுள்ள வட்டத்திற்குள் தேடிப் பிடித்துவிடலாம். ஒரு மீட்டர் வட்டத்திற்குள் தேடுவதற்குள் அது பறந்துவிடும்.

கை நடுக்கமும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. பொருள் எத்தனை மடங்கு பெரிதாகிறதோ, நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகும். 10 மடங்கிற்கு மேற்பட்ட கருவியைத் தாங்கி ஏதுமின்றி அசையாமற் பிடிப்பது பலருக்கும் அரிது. ஆடும் படகில் 7 அல்லது 8 மடங்கே போதுமானது. பெருக்கம் குறையக் குறைய, குவியத்தைத் திருத்தாமலே முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் ஆழமும் மிகும். கூட்டத்தின் முன்வரிசையும் பின்வரிசையும் ஒருங்கே தெளிவாகத் தெரிவது எண்ணுவோர்க்குப் பேருதவி.

இரண்டாம் எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் கருவியிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 7×35 கருவியில் இது 5 மில்லிமீட்டர். 20×50 கருவியில் 2.5 மில்லிமீட்டர். நண்பகலில் கண்ணின் பாவை 2 அல்லது 3 மில்லிமீட்டராகச் சுருங்கியிருக்குமாதலால் வேறுபாடு தோன்றாது. பறவைகள் மிகுதியாக நடமாடும் விடியலிலும் அந்தியிலும் பாவை விரியும்போது 20×50 கருவியின் காட்சி மங்கிப்போகும். ஐம்பது வயதைக் கடந்தோர் பலருக்குப் பாவை முன்போல் விரிவதில்லை. அன்னார்க்கு 7×50 போன்ற கனத்த கருவியாற் கூடுதற் பயன் சிறிதே, கழுத்து வலியே மிச்சம்.

அகன்ற காட்சிப்புலத்திற்கும் விலை உண்டு. மலிவான கருவிகளில் வட்டத்தின் விளிம்பில் உருவம் குழம்பித் தெரியும். சிலவற்றிற் கண்ணருகு வில்லையை ஒட்டிக் கண்ணை வைத்தாலன்றி முழு வட்டமும் தெரியாது. மூக்குக்கண்ணாடி அணிவோர், கண்ணுக்கும் வில்லைக்கும் இடையே 15 மில்லிமீட்டருக்குக் குறையாத இடைவெளி தரும் கருவியைத் தாமே அணிந்து பார்த்துத் தெரிந்தெடுக்க வேண்டும். பெருக்கத்தை விருப்பம்போல் மாற்றும் கருவிகளைத் தவிர்த்தல் நலம். அவற்றின் குறைந்த பெருக்கத்தில் காட்சிப்புலம் மிகக் குறுகியதாக இருக்கும்.

கடையிலேயே செய்யத்தக்க சோதனைகள் இரண்டு. குழல்விளக்கின் பிம்பத்தை முன்வில்லையிற் பார்க்க வேண்டும். அது மங்கலாக நீலம், ஊதா அல்லது பச்சை நிறத்தில் தெரிந்தால் ஒளியிழப்பைக் குறைக்கும் பூச்சு உண்டென்று கொள்ளலாம். வெண்மையாகப் பளிச்சிட்டால் பூச்சில்லை. பின்னர்த் தொலைவிலுள்ள மின்கம்பி ஒன்றை நோக்கியவாறே கருவியைக் கண்ணிலிருந்து மெல்ல அகற்ற வேண்டும். இரு வட்டங்களிலும் கம்பி ஒரே மட்டத்தில் தெரியாமல் ஏறி இறங்கித் தெரிந்தால் குழாய்கள் ஒருபோகாக இல்லை. அத்தகைய கருவியால் ஒரு மணி நேரத்திலேயே தலைவலி உண்டாகும்.

பலர் நல்ல கருவியை வாங்கியும் அதனைத் தம் கண்ணுக்கேற்பப் பொருத்திக்கொள்வதில்லை. முதலில் இரு குழாய்களையும் மடக்கி விரித்து, இரண்டு வட்டங்களும் ஒன்றாகும் வரை இடைவெளியைச் சரி செய்ய வேண்டும். அடுத்து வலப்புற முன்வில்லையைக் கையால் மறைத்து, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்குத் தெளிவாக்க வேண்டும். பிறகு இடப்புறத்தை மறைத்து, சக்கரத்தைத் தொடாமல், வலக்கண்ணருகே உள்ள வளையத்தை மட்டும் திருப்ப வேண்டும். வளையம் நின்ற குறியை நினைவிற் கொண்டால் அன்று முழுவதும் சக்கரம் ஒன்றே போதும். பறவையைத் தேடும்போது கருவியால் தேடலாகாது. வெறுங்கண்ணாற் கண்டு, அதன்மேல் வைத்த பார்வையை விலக்காமல் கருவியை உயர்த்த வேண்டும்.

பகலிற் பறவைகளுக்கு உதவும் இக்கருவியே இரவில் ஆசிரியர்க்கும் உதவும். கார்த்திகை விண்மீன் கூட்டம் வானில் ஏறத்தாழ 2 பாகை அகலம் கொண்டது. வெறுங்கண்ணுக்கு ஆறு அல்லது ஏழு மீன்களாகத் தெரிவது 8×30 கருவியிற் பல பத்து மீன்களாகி, சுற்றிலும் கரிய வானத்தோடு முழுவதுமாகக் காட்சியளிக்கும். ரோகிணியை ஒட்டிய கூட்டமோ 5 பாகைக்கும் மேற்பட்டது. 3 பாகைக் கருவியில் அது அடங்கவே அடங்காது. வெறுங்கண்ணுக்குப் பஞ்சுப் புகைபோல் தோன்றும் பூசத்தின் கூட்டம் தனித்தனி மீன்களாகப் பிரிவதைக் காணும் மாணவன், ‘மேகமன்று, மீன்கள்!’ என்று தானே சொல்லிவிடுவான். மாணவர் கைமாறும்போது ஒவ்வொருவரும் குழாய்களின் இடைவெளியைத் தம் கண்ணுக்கேற்ப மாற்றிக்கொள்ளுமாறு ஆசிரியர் கவனிக்க வேண்டும்.

ஆனால், பகலிற் கருவியை மாணவர் கையில் தனியே விடுதல் ஆகாது. கதிரவனை இதன் வழியே கணப்பொழுது நோக்கினாலும் விழித்திரை கருகிவிடக்கூடும். விழித்திரைக்கு வலி உணர்வு இல்லையாதலால் பார்வை போனது பிறகே தெரியவரும்.

மழைக்காலத்தில் வில்லைகளின் உட்புறத்தே பூசணம் படரும். தோலுறையில் வைப்பது ஈரத்தைப் பிடித்து வைப்பதற்கே ஒப்பாகும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களுடன் வைத்து, அவற்றை அவ்வப்போது வறுத்து உலர்த்தி மீண்டும் இடலாம். தூசியை முதலில் ஊதியும் மெல்லிய தூரிகையாலும் அகற்றிய பின்னரே வில்லையைத் துடைக்க வேண்டும்; வேட்டித் தலைப்பால் அழுத்தித் துடைத்தால் மணல் துகள் பூச்சைக் கீறிவிடும்.